காலிப் பையோடு ஏறிய மலை

தம்பி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாய். கால் இருக்கிறது, கண் இருக்கிறது, அடுப்பு எரிகிறது. அக்கரப்பத்தனையில் மழை விட்டபாடில்லை. அவ்வளவுதான் என் நலம். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் ஒரு கூத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் கடிதத்தில் "லீவு கிடைச்சிருக்கு அப்பா" என்ற வரியைப் படித்ததும் மீதியைப் படிக்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு லயத்து வரிசை வீடுகள் முழுக்க ஓடிப்போய், மகன் வருகிறான் என்று சொல்லிவிட்டேன். பக்கத்துக் காம்பரா வீட்டுப் பேச்சியம்மா அப்போதே சேவலைப் பிடித்துக் கூடைக்குள் கவிழ்த்துவிட்டாள். ஆயுசு முழுக்க அடுத்தவர் கடிதங்களைச் சுமந்தவன் நான். வெளி உறையைப் பார்த்துக் கொடுத்துத்தான் பழக்கம், உள்ளே கடைசி வரி வரை படித்துப் பழக்கமில்லை. வீட்டுக்கு வந்து ஆற அமர உட்கார்ந்து படித்தபோதுதான் மற்ற விஷயம் தெரிந்தது. உன் டில்லி ஆபீஸ் சிநேகிதர்கள் இமயமலைப் பக்கம் நடந்து போகப் போகிறார்கள். பனிமலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறதாம், மழைக்காலத்தில் கால் வைக்க இடமில்லாமல் பூத்துக் கிடக்குமாம், உன்னையும் கூப்பிடுகிறார்களாம். லீவு ஒன்றுதான். அங்கே போனால் இந்த வருஷம் இங்கே வர முடியாது. "அங்க போறதுக்கு எனக்கு என்னா காரணம் இருக்கு? வேலையா, வேண்டுதலா? நீங்க வான்னு ஒரு வார்த்தை எழுதுங்க, வந்துடுறேன்" என்று முடித்திருக்கிறாய்.

காரணம் கேட்டாய் பார், அங்கேதான் நீ என் பிள்ளை. சும்மா ஒரு மலையில் ஏற நம் ஆட்களுக்கு வராது. பிறந்தது மலையில், வளர்ந்தது மலையில், செத்தால் புதைப்பதும் மலையில். ஆனால் கொழுந்துக்கோ, விறகுக்கோ, சாமிக்கோ இல்லாமல் நாம் மேலே ஏறியதில்லை. நான் ஒரே ஒருமுறை ஏறினேன். அதுவும் ஒரு பொய்யைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினேன். அந்தக் கதை உனக்குப் பாதிதான் தெரியும். அன்றைக்கு நீ சின்னப் பிள்ளை, பேச்சியம்மா வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாய். இப்போது முழுதாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. என்னைப்போல் நீயும் பாதியில் நிறுத்தினால் பேச்சியம்மாவின் சேவலுக்கு நேர்ந்த கதிதான்.

தோட்டத்துத் தபால்காரன் வேலை எப்படி என்று உனக்குத் தெரியும். காலையில் எல்லாரும் பெரட்டுக்களத்தில் நின்று வேலைக்குப் பேர் கொடுக்கும்போது நான் ஆபீஸ் வாசலில் நின்று தபால்களைப் பையில் வாங்கிக்கொள்வேன். டவுனுக்கு இறங்கித் தபால்கந்தோரில் அவற்றைக் கொடுத்து, வேறு கடிதங்களை வாங்கி, திரும்ப ஏறி வருவேன். மழையோ, பனியோ, காய்ச்சலோ அதே பாதைதான். நான் நடந்த நடையை நேராக நீட்டிப்போட்டால் இமயமலைக்கே இரண்டு தரம் போய் வந்திருக்கலாம் என்று உன் அம்மா கேலி செய்வாள். ஆனால் வேலைக்கு நடப்பவனுக்குப் பாதைதான் தெரியும், பக்கம் தெரியாது. வளைவில் நின்றால் மொட்டைப்பாறை தெரியும். நம் தோட்டத்து மலைகளுக்கெல்லாம் மேலே, தேயிலை ஏறாத பாறை. அதன் பின்னாலிருந்துதான் தினமும் மேகம் எழுந்து வரும். அந்தப் பக்கம் என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் போய்ப் பார்க்கவேண்டும் என்ற ஆசை எனக்கு வெகுநாளாக இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். காவல்காரர் பார்த்தால் "ஒனக்கு இங்க என்னா வேல?" என்பார். ஞாயிற்றுக்கிழமை கைத்தடியோடு மலை ஏறுவது தொரைமார் செய்கிற காரியம். கூலிக்காரன் செய்தால் கிறுக்கு, இல்லாவிட்டால் களவு.

அதனால் நான் ஒரு யோசனை செய்தேன். ஞாயிற்றுக்கிழமை தபால் கிடையாது, பை வீட்டிலேயே ஆணியில் தொங்கும். அந்தக் காலிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். அந்தப் பை தோளில் இருந்தால் தோட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் எவரும் கேட்கமாட்டார்கள். உள்ளே இரண்டு ரொட்டியும் ஒரு போத்தல் பாலில்லாத சாயத்தண்ணியும் வைத்தேன். ஆற்றுக்குத் துணி துவைக்கப் போயிருந்த உன் அம்மாவிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. சொன்னால் அவளும் காரணம் கேட்பாள் என்று பயம்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை உனக்கு நினைவுபடுத்தவேண்டும். டில்லியில் நீ எல்லாம் மறந்திருப்பாய். இந்தியாவிலிருந்து நம் ஆட்களுக்கு வரும் கடிதத்தில் நல்ல சேதி என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும். சாவுச் சேதி என்றால் ஓரத்தில் கறுப்பு மை இழுத்திருக்கும். மஞ்சள் கடிதத்தை வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சாமி படத்துக்கு முன்னால் வைப்பார்கள். கறுப்புக் கடிதத்தை வாசல்படி தாண்டவிடமாட்டார்கள். வெளியே நின்று படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். ஆகவே யார் வீட்டில் சிரிப்பு, யார் வீட்டில் அழுகை என்று வீட்டுக்காரர்களுக்கு முன்னால் தெரிந்துகொள்ளும் பாவி நான்தான். கறுப்பு வந்தால் வாசலில் நின்று கூப்பிடவே எனக்கு நா எழாது. கைகால் கழுவுவதுபோலத் தண்ணீர் விழும் பீலிக்கரையில் கொஞ்ச நேரம் நிற்பேன். இது உன் அம்மாவுக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில் திருச்சியில் அவளுடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சேதி வந்திருந்தது. அதற்குப் பிறகு கடிதமே இல்லை. முன்னைப்போல நினைத்த நேரம் கப்பலேறிப் போய்வர முடியாத காலம் வந்துவிட்டது. பாஸ்போர்ட்டு, விசா என்று புதிய சொற்களைத் தோட்டமே கற்றுக்கொண்டிருந்தது. தினமும் சாயந்தரம் என் பை ஆணிக்குப் போகும்வரை அவள் கண் அதன் மேலேயே இருக்கும். அப்படிப்பட்டவள் ஆற்றங்கரையில் நிமிர்ந்து பார்க்கிறாள். தபால் இல்லாத நாளில் புருஷன் பையை மாட்டிக்கொண்டு போகிறான். டவுனுக்கு இறங்கவும் இல்லை, மேலே ஏறுகிறான். அவள் என்ன நினைப்பாள்? துணியை அப்படியே கல்லில் போட்டுவிட்டு என் பின்னால் ஏறியிருக்கிறாள்.

எனக்கு எதுவும் தெரியாது. பாறைமேல் போய் உட்கார்ந்து, அந்தப் பக்கத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். அங்கே தேயிலையே இல்லை தம்பி. காற்று அடிக்க அடிக்கப் புரளும் புல்லுவெளி. நடுநடுவே முறுக்கிக்கொண்டு நிற்கும் மரங்கள், அவற்றில் ரத்தச் சிவப்பாகக் கொத்துக் கொத்தாகப் பூ. தூரத்தில் சிவனொளிபாதமலை தனியாக நின்றது. எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது. பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டுத் திரும்பினால் உன் அம்மா. சேலை முழங்காலுக்கு மேல் நனைந்திருந்தது, முகம் வெளுத்திருந்தது.

"எடுங்க" என்றாள்.

"என்னாத்த எடுக்க?"

"கடுதாசிய எடுங்க. எங்கம்மா போயிட்டாங்க, அதான? வாசல்ல வச்சுச் சொல்ல மனசில்லாமத்தான இம்புட்டு ஒசரத்துக்குத் தூக்கிட்டு வந்து ஒளிச்சிக்கிட்டு இருக்கீங்க?"

"அய்யோ, அப்புடியெல்லாம் ஒண்ணுமில்ல புள்ள."

அவள் நம்பவில்லை. பையைப் பிடுங்கித் தலைகீழாகக் கொட்டினாள். ரொட்டி விழுந்தது, போத்தல் உருண்டது. பைக்குள் கைவிட்டு மூலை மூலையாகத் துழாவினாள். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அப்படியே உட்கார்ந்து, கருமாதி வீட்டில் அழுவதுபோல அழுதாள். அம்மா உயிரோடு இருக்கிறாள் என்பதற்காக அப்படி அழுத ஒருத்தியை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் சாயத்தண்ணியை எடுத்து நீட்டினேன்.

"அப்ப எதுக்கு இங்க வந்தீங்க?" என்று கேட்டாள்.

"சும்மாத்தான். அந்தப் பக்கம் என்னா இருக்குன்னு பாக்கலாமுன்னு."

"அதுக்கு எதுக்குப் பை?"

"யாராச்சும் கேட்டா சொல்றதுக்கு ஒரு காரணம் வேணாமா?"

கண்ணீரோடேயே சிரித்துவிட்டாள். "காலிப் பையத் தூக்கிக்கிட்டு மல ஏறுன மனுசன் இந்தச் சிலோனுலேயே நீங்க ஒருத்தருதான்" என்றாள். பிறகுதான் தலையை நிமிர்த்தி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். கூடைக் கயிறு அழுத்தி அழுத்தித் தலையில் பள்ளம் விழுந்தவள் அவள். அந்த மலையின் கீழ்ச்சரிவில் அவள் கொழுந்து எடுக்காத நிரை கிடையாது. நிமிர்ந்தால் கங்காணி சத்தம் போடுவார் என்று செடி மட்டத்துக்கு மேல் பார்க்காமலேயே வயசு போயிருந்தது. கடைசியில் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"என்னையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்ல?"

பொய் சொன்னதற்கு அவள் கோபப்படவில்லை, பயமுறுத்தியதற்கும் கோபப்படவில்லை. தனியாக வந்ததற்குத்தான்.

இறங்கும்போது அவள் அந்தச் சிவப்புப் பூக்களைப் பறித்துப் பை நிறைய அடைத்தாள். "ஏறுறப்பவும் காலி, எறங்குறப்பவும் காலின்னா அந்தப் பைக்கே அடுக்காது" என்றாள். லயத்துக்கு வந்ததும் பையைக் கண்டவர்கள் வழக்கம்போலச் சூழ்ந்துகொண்டார்கள். "ஞாயித்துக்கெழமையிலயும் தப்பால் வந்திருக்கா? எனக்கு இருக்கா?" என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். உன் அம்மா வாசலில் நின்று, "கடுதாசிதான் இல்ல, ஆளுக்கு ஒரு பூவாச்சும் எடுத்துக்கிட்டுப் போங்க" என்று கொடுத்தாள். சிரித்துக்கொண்டே வாங்கிப்போனார்கள். நீ பூவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை, மிச்சம் இருந்த ரொட்டிக்குத்தான் கை நீட்டினாய்.

அடுத்த சித்திரையில் மூன்று பேரும் போவோம் என்று பேசிக்கொண்டோம். சித்திரை வந்தது, விறகு பிளக்கவேண்டியிருந்தது. அடுத்த முறை உனக்குக் காய்ச்சல். பிறகு மழை, பிறகு கோயில் திருவிழா, பிறகு உன் ஹட்டன் பள்ளிக்கூடம், பிறகு உன் திருச்சிப் பயணம். ஒவ்வொன்றும் நல்ல காரணம்தான், ஒன்றையும் குறை சொல்ல முடியாது. போகாமல் இருப்பதற்குக் காரணம் தேடவே வேண்டியதில்லை தம்பி, அது தானாகக் கதவைத் தட்டும். நாங்கள் பாறைக்கு ஏறி ஒரு வருஷம் கழித்து உன் பாட்டியின் கறுப்புக் கடிதம் வந்தது. நான் பீலிக்கரையில் நிற்காமல் நேரே வந்து உன் அம்மாவை வாசலுக்குக் கூப்பிட்டேன். கிழித்துப்போட்ட பிறகு அவள் சொன்னது, "இதையும் மேலயே தூக்கிட்டுப் போயிருந்தா அங்கனயே அழுது முடிச்சிட்டு வந்திருப்பேன்" என்பதுதான். அப்போதாவது எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

போன வருஷம் உன் அம்மா போனபோது இதே கையால் உனக்குக் கறுப்பு மை தொட்டு எழுதினேன். என் வாழ்க்கையில் நானே எழுதிய ஒரே கறுப்புக் கடிதம் அது. அது உன் கைக்கு வந்து, நீ விசா தேடி அலைந்து முடிப்பதற்குள் அம்மாவின் கருமாதியே முடிந்துவிட்டது. அந்தக் குறைதான் உன்னை இப்போது அரிக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைத் தீர்க்க இந்த லீவைக் கொண்டுவந்து என் வாசலில் வைக்கிறேன் என்கிறாய். வேண்டாம். பெற்றவளுக்குச் செய்யாத காரியத்துக்குப் பரிகாரமாக என்னைப் பார்க்க வராதே. என்னைப் பார்க்கவேண்டும் என்று தோன்றும்போது வா.

நான் தனியாகத்தான் இருக்கிறேன். அதை மறைத்து எழுதினால் நீ எழுத்தின் வளைவிலேயே கண்டுபிடித்துவிடுவாய். அரிசி களைந்தால் இன்னும் இரண்டு பேருக்குக் களைகிறேன், மிச்சத்தைப் பேச்சியம்மாவின் கோழிகள் தின்கின்றன. பொழுது சாயும்போது யாராவது பேசினால் நன்றாயிருக்கும் என்று தோன்றுகிறது. பேச ஆளில்லாமல் சுவரில் தொங்கும் பழைய பையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தபால் வேலையை விட்டபோது புதிய ஆளுக்குப் புதிய பை கொடுத்தார்கள். தைக்கவும் ஆகாத அந்தக் கிழட்டுப் பையை எனக்கே விட்டுவிட்டார்கள். ஒரு மாதம் உன்னை இங்கே உட்காரவைத்து, நீ சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குக் கொள்ளை ஆசை. வா என்று நான் எழுதினால் நீ வந்துவிடுவாய். அதனால்தான் எழுதமாட்டேன்.

காரணம் கேட்டாயே, கேட்டுக்கொள். இப்போது தொரை பங்களாவில் பூஞ்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். ஒவ்வொரு பூவும் எங்கே நிற்கவேண்டும் என்று கயிறு பிடித்துக் குறித்திருக்கிறது. ஒன்று கோடு தாண்டினால் தொரைசானி அம்மாவுக்கு முகம் சுருங்கும். வெளியே மலை முழுக்கத் தேயிலை. தேயிலைக்கும் பூ உண்டு, உனக்கு ஞாபகம் இருக்கிறதா? வெள்ளையாக, நடுவில் மஞ்சளாக, லேசான வாசனையோடு. ஆனால் அதைப் பூக்க விட்டவர் யார்? வளர விட்டால் மரமாகும். கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளி, கவ்வாத்து வெட்டி, இடுப்பு உயரத்துக்குமேல் போகவிடாமல் வைத்திருக்கிறோம். உன் அம்மாவும் நானும் அப்படித்தான் நின்றோம். பூக்க விடாத மலையில் பிறந்த பிள்ளை நீ. எவரும் நடாமல், தண்ணீர் ஊற்றாமல், எவரும் கிள்ளாமல் ஒரு பள்ளத்தாக்கு முழுக்கப் பூக்கிறது என்றால், அதை நம் வீட்டில் ஒருவராவது கண்ணால் பார்க்கவேண்டாமா? இங்கே நம்மை இந்தியாக்காரன் என்கிறார்கள், அங்கே உன்னைச் சிலோன்காரன் என்று கூப்பிடுவதாக எழுதியிருந்தாய். அந்தப் பூக்களுக்கு அந்த வழக்கெல்லாம் தெரியாது. கொஞ்ச நாளாவது அந்தக் கேள்வி இல்லாத இடத்தில் இருந்துவிட்டு வா.

நடையைப் பற்றி எனக்குத் தெரிந்ததையும் சொல்கிறேன். டில்லியில் புதுச் சப்பாத்து வாங்கி அன்றைக்கே மாட்டிக்கொண்டு கிளம்பாதே, கால் கொப்பளித்தால் பூவெல்லாம் முள்ளாகத் தெரியும். ஏறும்போது பேச்சைக் குறை. இறங்கும்போது அவசரப்படாதே, ஏற்றத்தில் விழுந்தவனைவிட இறக்கத்தில் விழுந்தவன்தான் அதிகம். மேகம் இறங்கிப் பாதை மறைந்தால் நின்ற இடத்தில் நில். அது வந்ததுபோலவே போகும். யாராவது பின்தங்கினால் காத்திரு. எல்லாவற்றுக்கும் மேலாக, பொய்க் காரணம் எதையும் தோளில் மாட்டிக்கொண்டு போகாதே. சும்மா பார்க்கப் போகிறேன் என்று சொல். அதைச் சொல்ல உன் அப்பனுக்கு வாய் வரவில்லை, உனக்கு வரட்டும்.

பேச்சியம்மாவிடம் நேற்று விஷயத்தைச் சொன்னேன். "பூப் பாக்கப் போறானா? அவனுக்கென்னா கிறுக்கா?" என்றாள். "ஆமா, எங்க வம்சத்துக் கிறுக்கு" என்றேன். பிறகு போய்க் கூடையைத் தூக்கிச் சேவலைத் திறந்துவிட்டாள்.

இந்தக் கடிதத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கிறேன். கொஞ்சம் கூடுதலாகவே தடவிவிட்டேன், எழுத்தில் பட்டிருந்தால் மன்னித்துக்கொள். போய் வந்ததும் எனக்கு எழுது. பள்ளத்தாக்கு நன்றாயிருந்தது என்று ஒரு வரியில் முடிக்காதே. என்ன நிறம், எவ்வளவு உயரம், காற்று எந்தப் பக்கம் அடித்தது, நீ எந்தக் கல்லில் உட்கார்ந்தாய், எல்லாம் எழுது. வளைவில் நின்று புதிய தபால்காரனிடம் நானே அந்தக் கடிதத்தை வாங்கிக்கொள்வேன். ஆனால் அங்கே பிரிக்கமாட்டேன், வீட்டிலும் பிரிக்கமாட்டேன். அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை பழைய பைக்குள் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, முட்டியைப் பிடித்துப் பிடித்தாவது மொட்டைப்பாறைக்கு ஏறிவிடுவேன். அங்கே உட்கார்ந்து, உன் அம்மாவுக்கும் கேட்கும்படி உரக்கப் படிப்பேன். அவள் அன்றைக்கு மூச்சிரைக்க ஏறிவந்து துழாவியபோது பைக்குள் ஒன்றும் இல்லை. இந்த முறை இருக்கும்.

அப்பா